குளிரறை வாசலில் ஒரு ஜோடிச் செருப்பு

திருவொற்றியூரில் கத்திரி வெயில் காலத்தில் ஒருவர் குளிரால் செத்தார் என்று சொன்னால், சொன்னவரைத்தான் முதலில் நிழலில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுப்பார்கள். ஆகவே அப்படி யாரும் சொல்லவில்லை. சின்னப்பையன் வெயிலில் மயங்கி விழுந்து செத்தார் என்று சொன்னார்கள். மே மாதம், மதியம் இரண்டு மணி, நாற்பத்தொரு டிகிரி. கேட்டவர்கள் எல்லாரும் தலையை ஆட்டினார்கள். யாரும் சந்தேகப்படாத பொய் என்பதுதான் அதிலிருந்த கோளாறு. அதை முதலில் வாயைத் திறந்து சொன்னவள் சிவந்தி.

சிவந்திக்கு அப்போது நாற்பத்துநான்கு வயது. காசிமேட்டுக்காரி. பதினேழு வயதில் இறால் உரிக்க அந்தத் தொழிற்சாலைக்குள் வந்தவள், உரிப்பு, தரம் பிரிப்பு, பேக்கிங் என்று மேசை மேசையாக நகர்ந்து மேஸ்திரி ஆகியிருந்தாள். கணவர் விசைப்படகு டிரைவர். கடலுக்குப் போனால் பத்து நாள் கழித்துத்தான் கரை. உறைந்த இறால் கட்டியைக் கையில் எடுத்தால் மைனஸ் எத்தனை என்று சொல்லிவிடுவாள். மீட்டர் வைத்துப் பார்த்தால் ஒரு டிகிரி முன்னே பின்னே இருக்கும். பிசகு மீட்டருடையது என்பாள்.

ஏற்றுமதிக்குப் போகும் இறால் மைனஸ் இருபதில் தூங்குகிற அறைக்குக் கோல்ட் ரூம் என்று பெயர். அதை அடுக்குகிறவர்கள் தகரக் கூரைக்குக் கீழே வெந்துகொண்டிருப்பார்கள். இரண்டுக்கும் நடுவே ஆறு அங்குலக் கனத்தில் ஒரு கதவு. இவ்வளவு அருகில் இவ்வளவு குளிரை வைத்துக்கொண்டு, அதைத் தொடாதே என்று மனிதனிடம் சொல்வது நிர்வாகத்துக்கு மட்டுமே தோன்றக்கூடிய யோசனை. மதியச் சாப்பாடு முடிந்ததும் லோடிங் ஆட்கள் இரண்டு மூன்று பேராக உள்ளே நழுவுவார்கள். அதற்கு 'ஜில்லு போடுறது' என்று பெயர். கதவைத் தாண்டியதும் ஒரு முன்னறை உண்டு. அங்கே குளிர் வீட்டு ஃப்ரிட்ஜ் அளவுதான். ஆனால் முன்னறையில் நின்றால் சூப்பர்வைசர் கண்ணில் படும். ஆகவே விவரம் தெரிந்தவர்கள் இரண்டாவது கதவையும் தாண்டி, அட்டைப்பெட்டி அடுக்குக்குப் பின்னால் போய் உட்காருவார்கள். பிடிபட்டால் வேலை போய்விடும் என்று மூன்று மொழிகளில் போர்டு தொங்கியது. அந்தப் போர்டைத் தினமும் துடைத்துப் பளிச்சென்று வைத்திருந்தவர்களே உள்ளே போய்த் தூங்கினார்கள்.

சின்னப்பையன் பெயரைத் தவிர வேறெதிலும் சின்னவர் அல்ல. ஐம்பத்திரண்டு வயது, ஆறடி உயரம், லோடிங் ஆட்களில் மூத்தவர். முந்தின நாள் முழுக்க கண்டெய்னர் ஏற்றிய அசதி. சட்டை வியர்வையில் பிழிந்தால் சொட்டும். அஞ்சு நிமிசம் என்று சொல்லிவிட்டுப் போனவர் ஒன்றரை மணி நேரம் வரவில்லை. தேடிப் போனபோது பெட்டிகளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பேச்சு குழறியது. உடம்பில் நடுக்கம் இல்லை. நடுங்கவில்லை, ஆகவே நன்றாகத்தான் இருக்கிறார் என்று எல்லாரும் நிம்மதியானார்கள்.

சிவந்திதான் அவருடைய தோளைப் பிடித்து எழுப்பினாள்.

"எந்திரிச்சி நட நைனா. நாலு எட்டு வெச்சா ஒடம்பு சூடேறிக்கும்."

நடந்தார். பதினோரு எட்டு. அதைச் சிவந்தி பிற்பாடு மனத்தில் எத்தனையோ முறை எண்ணிப் பார்த்திருக்கிறாள். பன்னிரண்டாவதற்குக் காலைத் தூக்கியவர் அப்படியே முற்றத்தில் சரிந்தார். வெளியேதான் வெயில் இனாமாகக் கொட்டிக்கிடக்கிறதே என்று, கொதிக்கிற சிமெண்டுத் தரையில் படுக்கவைத்தார்கள். நாலு பேர் கையையும் காலையும் பரபரவென்று தேய்த்தார்கள். ஒருவன் வாயில் டீயை ஊற்றினான். கால்மணி நேரத்துக்குப் பிறகு மீன் வேனில் தூக்கிப்போட்டு, வழியில் இருந்த ஒரு சின்ன நர்சிங் ஹோமுக்குக் கொண்டுபோனார்கள்.

என்ன சொல்வது என்பது வேனில் போகும்போதே முடிவாகிவிட்டது. கோல்ட் ரூமில் தூங்கினார் என்று தெரிந்தால் அவருடைய வேலை போய்விடும். டாக்டர் கேட்டதும் சிவந்தி சொன்னாள்: "வெயில்ல நின்னுகினு இருந்தாரு சார், அப்டியே மயங்கிட்டாரு." தொட்டுப் பார்த்தால் தோல் தோசைக்கல் மாதிரி சுட்டது. டாக்டர் வெயில் மயக்கத்துக்கு என்ன செய்யவேண்டுமோ அதை ஒன்றுவிடாமல் செய்தார். மின்விசிறி, ஈரத்துணி, அக்குளில் ஐஸ். ஐஸ் போதவில்லை என்றார்கள். சிவந்தியே ஃபோன் போட்டுத் தொழிற்சாலையிலிருந்து இரண்டு பெட்டி வரவழைத்தாள்.

நாற்பது நிமிடத்தில் முடிந்துவிட்டது. அவருடைய வேலையைக் காப்பாற்றச் சொன்ன பொய். வேலை கடைசிவரை போகவில்லை என்பது உண்மைதான்.

ஒரு மாதம் சிவந்தி அதை யாரிடமும் சொல்லவில்லை. பிறகு ஒரு நாள் பிளேடு கிழித்து விரலில் ஆழமாக வெட்டுப்பட்டது. கம்பெனி ஆள் பக்கத்து கிளினிக்குக்குக் கூட்டிப்போகிறேன் என்றான். அவள் பஸ் ஏறி அரசு மருத்துவமனைக்குப் போனாள். அவசரப் பிரிவில் மெஹ்னாஸ் என்ற நர்ஸ் காயத்தைக் கழுவிவிட்டாள். வண்ணாரப்பேட்டைக்காரி, முப்பத்தைந்து வயதிருக்கும், பேசிக்கொண்டே வேலை செய்கிற ரகம். ஊசி தோலில் ஏறும்போது சிவந்தி ஆரம்பித்தாள். ஒரு சந்தேகம் என்று தொடங்கியது, மூன்றாவது தையலில் நடந்ததெல்லாம் வெளியே வந்துவிட்டது.

மெஹ்னாஸ் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டாள். நடுக்கம் இருந்ததா என்றாள். இல்லை. நடக்கவைத்தீர்களா? ஆமாம். தேய்த்தீர்களா? ஆமாம். பிறகு மெதுவாக விளக்கினாள். உடம்பு ரொம்பக் குளிர்ந்துவிட்டால் நடுங்குவதற்குக்கூடச் சத்து இருக்காது. நடுக்கம் நிற்பது ஆபத்தின் அடையாளம். நெஞ்சு அந்த நேரத்தில் தொட்டால் முறைத்துக்கொள்கிற குழந்தை மாதிரி. நடக்கவைத்தால், உலுக்கினால், கை காலைத் தேய்த்தால், அங்கே தேங்கி நிற்கும் குளிர்ந்த ரத்தம் ஒரேயடியாக நெஞ்சுக்குப் பாயும். தாங்காது.

"வெயில்ல போட்டா மேல்தோல் மட்டும்தான் சுடும் அக்கா. உள்ளே..."

"உள்ள கல்லு மாதிரி கெடக்கும்," என்று சிவந்தி முடித்தாள். "ஒறைஞ்ச எறால் கட்டிய யாருனா வெயில்ல வெப்பாங்களா? மேல வெந்துபூடும், நடுவுல பனிக்கட்டி அப்டியே கீது. பதமான தண்ணில கொஞ்ச கொஞ்சமா கரைக்கணும். பச்சப்புள்ளைக்குக்கூட தெரியும். எறாலுக்கு செய்யாதத மனுசனுக்கு செஞ்சேன் சிஸ்டர்."

மெஹ்னாஸ் அவளைத் திட்டவில்லை. ஆறுதலும் சொல்லவில்லை. இன்னொன்றைச் சொன்னாள். குளிர் கொல்லும், அதே குளிர்தான் மூளை சீக்கிரம் கெட்டுப்போகாமல் காக்கவும் செய்யும். துடிப்பே இல்லாமல் வந்தவர்களைப் பொறுமையாகச் சூடாக்கி மீட்ட கதைகள் உண்டு. குளிரில் விறைத்தவரைச் சூடேற்றிப் பார்க்காமல் செத்தார் என்று சொல்லக்கூடாது. ஆனால் அவர் குளிரில் கிடந்தார் என்பது தெரிந்தால்தானே?

அன்றைக்கு சிவந்தி ஐந்து தையலோடும் ஒரு தீர்மானத்தோடும் வீடு திரும்பினாள். இனி அந்தக் கதவுக்குப் பின்னாலிருந்து யாரும் அப்படிச் சாகக்கூடாது. தன் வாயிலிருந்து அந்தப் பொய் இன்னொரு முறை வரக்கூடாது.

முதல் வேலையாக ஃப்ளோர் மேனேஜர் அமீருதீனிடம் போனாள். தண்டையார்ப்பேட்டைக்காரர், வெள்ளைச் சட்டையில் ஒரு சுருக்கம் விழாமல் மீன் தொழிற்சாலையில் பத்து வருடம் தள்ளியவர். தூக்கத்தைத் தடுக்க முடியாது பாய், எண்ணத்தான் முடியும் என்றாள் சிவந்தி. கதவோரம் ஆணியில் பன்னிரண்டு டோக்கன் மாட்டவேண்டும். உள்ளே போகிறவன் தன் டோக்கனை எடுத்து அடுத்த வரிசை ஆணியில் மாட்டவேண்டும். முன்னறையில் மட்டும், பத்தே நிமிடம், வெளியே ஒரு காவல்.

அமீருதீன் போர்டைக் காட்டினார். "தூங்காதேன்னு மூணு பாஷைல எழுதி மாட்டிட்டு, அதுக்குப் பக்கத்துலயே தூங்குறதுக்கு டோக்கன் மாட்டச் சொல்றியேமா. ஆடிட்டர் வந்து கேட்டா நான் எந்த பாஷைல பதில் சொல்றது?"

அனுமதி தர முடியாது என்று முடித்துவிட்டார். மறுநாள் ஆணிகள் அடிக்கப்பட்டபோது அவர் அந்தப் பக்கம் திரும்பவேயில்லை. பார்க்காமல் இருப்பதும் நிர்வாகத்தில் ஒரு தேர்ச்சி.

இரண்டாவது, பெட்டி. பெரிய மீனை முழுதாக அனுப்புவதற்கென்று செய்த ஆறடித் தெர்மாகோல் பெட்டி ஒன்று மூலையில் சும்மா கிடந்தது. குளிர் வெளியே போகாமல் காக்கிறதென்றால் சூட்டையும் காக்கத்தானே வேண்டும். பெட்டிக்கு யாருக்காக உழைக்கிறோம் என்பது தெரியாது. சிவந்தி அதைக் கழுவி, இரண்டு கம்பளி, வெந்நீர்ப் பை நான்கு, பளபளக்கும் ஃபாயில் ஷீட், ஒரு கத்தரிக்கோல் எல்லாம் போட்டு வைத்தாள். கரைக்கும் தொட்டியில் தண்ணீரின் சூட்டைப் பார்க்க ஒயரும் மழுங்கிய முனையும் கொண்ட தெர்மாமீட்டர்கள் உண்டு. ஒன்றைத் துணியில் சுற்றி அதிலேயே செருகினாள். காரணம் மெஹ்னாஸ் சொன்னதுதான்: ஆஸ்பத்திரித் தெர்மாமீட்டர் காய்ச்சலைப் பிடிக்கவே பிறந்தது, தொண்ணூற்று நாலு ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே போனால் அதற்குப் பேச்சு வராது.

ஆனால் அந்தப் பெட்டியைப் பார்த்தவர்களுக்கு நினைவு வந்தது வேறொரு பெட்டி. சாவு வீட்டில் வாசலில் வைப்பார்களே, அந்த ஃப்ரீசர் பாக்ஸ். பெண்கள் அந்தப் பக்கம் போவதை நிறுத்திவிட்டார்கள். ஒரு காலையில் பெட்டிக்கு மாலை போட்டு, ஊதுபத்தியும் கொளுத்தி வைத்திருந்தது. செய்தவன் பென்னி என்று எல்லாருக்கும் தெரியும். லோடிங் ஆட்களில் துடிப்பானவன், இருபத்தொன்பது வயது, எந்தச் சாவு வீட்டிலும் சிரிப்பு மூட்டிவிட்டுத்தான் எழுந்து வருவான்.

சிவந்தி சாப்பாட்டு நேரத்தில் அத்தனை பேர் முன்னாலும் அந்த மாலையை எடுத்துத் தன் கழுத்தில் போட்டுக்கொண்டு பெட்டிக்குள் படுத்தாள். கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு கால்மணி நேரம் கிடந்தாள். வேர்த்து வழிய எழுந்து உட்கார்ந்தவளிடம் பென்னி கேட்டான்.

"யக்கா, மேல போயி யாரையெல்லாம் பாத்த?"

"உங்கப்பன பாத்தேன். ஒன்ன ஒயுங்கா வேல செய்யச் சொன்னாரு."

சிரித்தார்கள். அதற்குப் பிறகு பெட்டி வெறும் பெட்டியாகிவிட்டது. சிவந்தி கூப்பிட்டதில் மெஹ்னாஸ் இரண்டு ஞாயிற்றுக்கிழமை வந்து லோடிங் ஆட்களுக்குச் சொல்லிக்கொடுத்தாள். படுத்தவனைப் படுத்தபடியே தூக்கு, கண்ணாடிச் சாமான் மாதிரி. நடக்கவிடாதே, தேய்க்காதே. ஈரத்துணியைக் கழற்றாதே, வெட்டியெடு. சூட்டை நெஞ்சுக்கும் அக்குளுக்கும் கொடு, கை காலுக்கு வேண்டாம். துடிப்பைப் பார்க்க ஒரு நிமிடம் முழுதாக எடுத்துக்கொள். துடிப்பே இல்லையென்றால் நெஞ்சை அழுத்து. உப்பு மூட்டையில் பழகினார்கள். அதில் முதல் ஆள் பென்னிதான். அத்தனைக்கும் மேலே சிவந்தி தன் கையால் ஒரு வரி எழுதிப் பெட்டியில் ஒட்டினாள்: எங்கே கிடந்தான் என்பதை மறைக்காதே.

அந்த வரியை எழுதியவளுக்கே அதைச் செய்ய முடியாத ஓர் இடம் இருந்தது. சின்னப்பையனின் மனைவி ராஜாத்தி, அடுத்த சித்திரையில் வியாசர்பாடி பஸ் நிறுத்தத்தில் கணவர் பெயரில் மோர்ப் பந்தல் போட்டாள். 'வெயிலால் மறைந்த திரு. சின்னப்பையன் நினைவாக' என்று பேனர். வருகிறவன் போகிறவனையெல்லாம் நிறுத்தி மோர் கொடுத்து, குடை கொண்டுபோகச் சொல்லி அனுப்பினாள். சிவந்தி போய் நின்றாள். இரண்டு டம்ளர் குடித்தாள். நன்றாக இருக்கிறது என்றாள். சொல்ல வந்ததைச் சொல்லாமல் பஸ் ஏறினாள்.

அதற்கு இரண்டு வாரம் கழித்து, கத்திரியின் நடுவில், சிவந்தி மூன்று மணிக்குக் கோல்ட் ரூம் வாசலைக் கடந்தபோது நின்றாள். அங்கே ஒரு வழக்கம்: உள்ளே போகிறவர்கள் செருப்பை வாசலில் விட்டுவிட்டு, கம்பெனி கம்பூட்ஸ் மாட்டிக்கொள்வார்கள். ஆணிகளில் டோக்கன் எல்லாம் தத்தம் இடத்தில் இருந்தன, ஒன்றைத் தவிர. பென்னியின் ஆணி இரண்டு வரிசையிலும் காலி. அவன் சீக்கிரம் வீட்டுக்குப் போயிருப்பான், டோக்கன் சட்டைப்பையோடு போயிருக்கும் என்றார்கள். ஆனால் சுவரோரம் நீலப்பட்டை வைத்த ஒரு ஜோடிச் செருப்பு இருந்தது. பென்னி எவ்வளவு கிண்டல்காரனாக இருந்தாலும் மே மாதத்தில் திருவொற்றியூர் தார் ரோட்டில் வெறுங்காலோடு வீட்டுக்குப் போகமாட்டான்.

நடந்தது இதுதான் என்று பிறகு தெரிந்தது. காலையிலேயே தன் பத்து நிமிடத்தை முடித்துவிட்டவன், மதியம் தரை கழுவி நனைந்த டி-ஷர்ட்டோடு இன்னொரு தடவை போக ஆசைப்பட்டிருக்கிறான். டோக்கனை மாட்டினால் காவலுக்குத் தெரியும். ஆகவே டோக்கனைப் பையில் போட்டுக்கொண்டு, காவல் கை கழுவப் போன நேரத்தில், இரண்டாவது கதவையும் தாண்டிவிட்டான். உயிரைக் காக்க வைத்த எண்ணிக்கையை ஏமாற்றுவதில், அதை நன்றாகப் புரிந்துகொண்டவனுக்குத்தான் திறமை வரும்.

அடுக்குக்குப் பின்னால் மின்விசிறிக் காற்றுக்கு நேரே சுருண்டு கிடந்தான். டி-ஷர்ட் தகரமாக நின்றது. உதடு ஈய நிறம். ஒருத்தி வாயில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். சிவந்தி மண்டியிட்டு அவன் கழுத்தில் இரண்டு விரலை வைத்தாள்.

பத்து எண்ணினாள். ஒன்றுமில்லை. இருபது. பூட்டான்கா, வுட்ரு என்றான் யாரோ. முப்பது. நாற்பத்திரண்டில் விரலுக்கடியில் ஏதோ ஒன்று, தூரத்தில் யாரோ கதவைத் தட்டியதுபோல. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு தொடர்ந்தாள். ஐம்பத்தொன்றில் இன்னொன்று.

"கீறான்," என்றாள். "பெட்டிய எடுத்துகினு வாங்க."

கடந்த ஒரு வருடமாகக் கேலி செய்துகொண்டே கற்றதெல்லாம் அவர்கள் கைக்கு வந்தது. ஆறு பேர் அவனைப் பலகை மாதிரி அசையாமல் தூக்கினார்கள். கத்தரிக்கோல் டி-ஷர்ட்டைக் கழுத்திலிருந்து அடிவரை பிளந்தது. வெந்நீர்ப் பைகளைத் துணியில் சுற்றி அக்குளிலும் நெஞ்சிலும் வைத்துக் கம்பளியில் பொதிந்தார்கள். முற்றத்து வெயிலைத் தாண்டி ஆம்புலன்ஸ் வரைக்கும் பெட்டியோடு நடந்தார்கள், ததும்பும் குடத்தைக் கொண்டுபோகிறவர்கள் மாதிரி. எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரிகள் வழக்கம்போல் நிரந்தரமாக நின்றுகொண்டிருந்தன. டிரைவரிடம் சிவந்தி வேகமாகப் போ என்று சொல்லவில்லை. பள்ளத்தில் விடாதே என்றாள்.

அரசு மருத்துவமனை வாசலில் அமீருதீன் முன்னதாகவே பைக்கில் வந்து நின்றார். வெள்ளைச் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. அவளை ஓரமாக இழுத்தார்.

"வெயில்னு சொல்லிடுமா. கோல்ட் ரூம்னு எழுதிட்டாங்கன்னா இன்ஸ்பெக்ஷன் வரும், பூட்டிடுவாங்க. நானூறு பேரு பொழப்பு. மொதல்ல வைத்தியம் ஆவட்டும், மத்தத அப்பால பேசிக்கலாம்."

போன வருடம் வேனில் நால்வர் பேசியதும் இதேதான். வார்த்தைகூட மாறவில்லை. சிவந்தி அவரைப் பார்த்துக் கோபப்படவில்லை. அவர் சொல்வது அவளுக்கு நன்றாகவே புரிந்தது, அதுதான் கஷ்டம். பெட்டியின் ஓரத்தை விடாமலேயே உள்ளே நடந்தாள்.

பணியிலிருந்த டாக்டர் இளைஞர். அன்று காலையிலிருந்து ஏழு வெயில் மயக்கம் பார்த்திருந்தார். வெயிலா என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

"இல்ல சார்," என்று சிவந்தி உரக்கச் சொன்னாள், அமீருதீனுக்கும் கேட்கட்டும் என்றே. "கோல்ட் ரூம்ல கெடந்தான். மைனஸ் இருபது. ஈரத்துணி. பன்னெண்டே முக்காலுக்கு அப்பால யாரும் பாக்கல, மூணு மணிக்கு எடுத்தோம். துடிப்பு நிமிசத்துக்கு ஆறோ ஏழோ கீது."

டாக்டர் நின்றுவிட்டார். பின்னாலிருந்து மெஹ்னாஸ் வந்தாள். இருவரும் பெட்டியைப் பார்த்தார்கள். எவ்வளவு பதமாகப் படுக்கைக்கு மாற்றியும், மாற்றிய மறு நிமிடம் மானிட்டரில் கோடு கிறுக்கலாகிவிட்டது. நெஞ்சு நின்றது. அழுத்த ஆரம்பித்தார்கள். ஷாக் கொடுத்தார்கள், கேட்கவில்லை. ஆஸ்பத்திரித் தெர்மாமீட்டர் எண்ணைச் சொல்லாமல் குறைவு என்று மட்டும் சொல்லிவிட்டு ஒதுங்கியது. சிவந்தி துணிச்சுற்றை அவிழ்த்து ஒயர் தெர்மாமீட்டரை நீட்டினாள். மெஹ்னாஸ் அதை ஸ்பிரிட்டில் கழுவி வைக்கவேண்டிய இடத்தில் வைத்தாள். எங்கே வைத்தார்கள் என்பதைப் பென்னியிடம் இன்றுவரை யாரும் சொல்லவில்லை. முப்பத்தேழு இருக்கவேண்டியது இருபத்தாறு டிகிரி காட்டியது. அந்தச் சூட்டில் ஷாக் ஏறாது, முதலில் சூடாக்கவேண்டும் என்றாள் மெஹ்னாஸ்.

வயிற்றில் குழாய் போட்டு வெதுவெதுப்பான சலைனை உள்ளே விட்டார்கள், வெளியே எடுத்தார்கள், மறுபடி விட்டார்கள். சிவந்திக்கு அதை யாரும் விளக்கவேண்டியிருக்கவில்லை; இருபத்தெட்டு வருடம் செய்த வேலை. அத்தனை பாட்டிலைச் சூடாக்க வெந்நீர் இல்லை. எதிரே டீக்கடையிலிருந்து ஒரு ஆள் வாளி வாளியாகக் கொண்டுவந்து கொட்டினார். ஆறாவது வாளியில்தான் அது அமீருதீன் என்பதை அவள் கவனித்தாள்.

நெஞ்சை அழுத்தக் கைகள் போதவில்லை. வராந்தாவில் நின்ற லோடிங் ஆட்களில் மூன்று பேரை மெஹ்னாஸ் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். டாக்டர் புருவத்தை உயர்த்தினார்; இரண்டு அழுத்தலைப் பார்த்துவிட்டுப் புருவத்தை இறக்கினார். மூட்டை தூக்கும்போது போடும் கணக்கிலேயே அழுத்தினார்கள். ஒருவன் சளைத்தால் அடுத்தவன்.

ஒரு மணி நேரம் ஆயிற்று. டாக்டர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரிந்தது.

"இன்னும் சில்லுனுதான் கீறான் சார்," என்றாள் சிவந்தி. குரலில் கெஞ்சல் இல்லை. தரம் பிரிக்கும் மேசையில் பேசுகிற குரல். "நடுவுல கரையல. முயுசா சூடாக்கிட்டு அப்பால சொல்லுங்க. அதுவரைக்கும் எங்க ஆளுங்க கைய எடுக்கமாட்டாங்க."

டாக்டர் நேரத்தை எழுதவில்லை. பெரிய டாக்டருக்கு ஃபோன் செய்து பேசினார். பிறகு தானே சட்டைக் கையை மடித்துக்கொண்டு அடுத்த முறைக்கு வரிசையில் நின்றார்.

இருபத்தெட்டு. இருபத்தொன்பது. முப்பது ஆகும்போது ஆறு மணி பத்து நிமிடம். மூன்றாவது ஷாக்கில் பென்னியின் உடம்பு ஒருமுறை தூக்கிப்போட்டது. மானிட்டரில் கிறுக்கல் நின்று, ஒரு நீண்ட வெறும் கோடு ஓடியது. பிறகு ஒரு மேடு. இன்னொரு மேடு. அழுத்திக்கொண்டிருந்தவன் கையை எடுக்க மறந்து நின்றான். மெஹ்னாஸ் அவன் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கவேண்டியிருந்தது. சிவந்தி எண்ணிக்கொண்டிருந்தாள். அறுபது முடிந்ததும்தான் உட்கார்ந்தாள்.

மூன்றாம் நாள் கண்விழித்த பென்னி கேட்ட முதல் விஷயம், தன் டி-ஷர்ட்டை எந்தப் புண்ணியவான் வெட்டியது என்பது. புதுசாம். இடதுகைச் சுண்டுவிரலின் நுனி போயிற்று. அதைப்பற்றி அவ்வளவு வருத்தப்படவில்லை.

இன்ஸ்பெக்ஷன் வந்தது. அமீருதீன் பயந்தபடியே எட்டு நாள் பூட்டினார்கள். எட்டு நாளும் தெருவில் சிலர் சிவந்தியைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். தடைசெய்யப்பட்ட செயலுக்கு டோக்கன் கொடுத்த குற்றத்துக்காகக் கம்பெனி அவளைப் பதினைந்து நாள் சஸ்பெண்ட் செய்தது. இன்ஸ்பெக்டரின் அறிக்கையோ, கதவில் ஆள் எண்ணிக்கை இருக்கவேண்டும், சூடேற்றும் சாதனம் இருக்கவேண்டும், பயிற்சி பெற்ற ஆட்கள் இருக்கவேண்டும், வெயில் காலத்தில் ஆட்கள் இளைப்பாறக் குளிர்ச்சியான இடம் ஒதுக்கவேண்டும் என்றது. முறைகேடாக இருந்ததையெல்லாம் முறையாக்கச் சொன்ன உத்தரவை வாங்கிக்கொண்டு, அமீருதீன் அவள் வீட்டுக்கே வந்து, அந்தப் பெட்டியில் என்னென்ன போட்டிருந்தாய் என்று கேட்டு எழுதிக்கொண்டுபோனார்.

அந்தப் பதினைந்து நாளில் ஒரு நாள் சிவந்தி வியாசர்பாடிக்குப் போனாள். மோர்ப் பந்தலில் கூட்டம் ஓயும்வரை காத்திருந்து, ராஜாத்தியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். கோல்ட் ரூம், பதினோரு எட்டு, வேனில் பேசியது, தானே வரவழைத்த ஐஸ். தன் பங்கைக் குறைத்தும் சொல்லவில்லை, கூட்டியும் சொல்லவில்லை.

ராஜாத்தி மோரைக் கலக்கிக்கொண்டே கேட்டாள். கலக்குவதை நிறுத்தவில்லை.

"ஒரு மாசமா ரோட்டுல போறவனுக்கெல்லாம் வெயில்ல போவாதேன்னு சொல்லிகினு கீறேன். நீ வந்து நின்னு ரெண்டு டம்ளர் குடிச்சிட்டுப் போனியே. அன்னிக்கி வாயில இன்னா வெச்சிகினு இருந்த?"

சிவந்தி மன்னிப்புக் கேட்டாள். ராஜாத்தி அதை வாங்கிக்கொண்டதாகவோ திருப்பித் தந்ததாகவோ தெரியவில்லை. பேனரை மட்டும் அவிழ்த்துச் சுருட்டினாள். அப்போது ஒரு ஆட்டோக்காரர் வண்டியை நிறுத்திக் கையை நீட்டினார். ராஜாத்தி டம்ளரை நிரப்பிக் கொடுத்தாள்.

பந்தலைப் பிரித்துவிடப் போகிறாயா என்று கேட்டாள் சிவந்தி.

"இன்னாத்துக்கு? அவருக்குத்தான் வெயில் இல்ல. குடிக்கிறவனுக்கு தாகம் நெசம்தான?"

அடுத்த நாள் பேனர் இருந்த இடத்தில் சின்னப்பையன் என்ற பெயர் மட்டும் இருந்தது. சிவந்தி பாக்கி இருந்த நாட்களில் காலையில் வந்து தயிர் கடைந்து கொடுத்தாள்.

இப்போது டோக்கனெல்லாம் போய், கதவில் கார்டு தேய்க்கிற மெஷின் வந்துவிட்டது. யார் உள்ளே, யார் வெளியே என்று திரையில் காட்டும். சிவந்தி அதை மதிக்கிறாள், நம்புவதில்லை. சாப்பாட்டு நேரம் முடிந்ததும் வாசலுக்கு வந்து செருப்பை எண்ணுகிறாள். பென்னி வேலைக்குத் திரும்பிய வாரம், வீட்டிலிருந்து அந்தப் பழைய நீலப்பட்டை ஜோடியைக் கொண்டுவந்து வேண்டுமென்றே சுவரோரம் விட்டுவைத்தான். திரை எல்லாரும் வெளியே என்றது. சுற்றி நின்றவர்கள் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். இது அவன் வேலை என்று சிவந்திக்கும் தெரியும். அந்த நீலப்பட்டையை அவள் மறப்பாளா?

கோட்டை மாட்டிக்கொண்டாள். முதல் கதவு, இரண்டாவது கதவு. ஒவ்வொரு அடுக்குக்குப் பின்னாலும் போய், குனிந்து, டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, கால்மணி நேரம் கழித்து மூக்கு நுனி சிவந்து வெளியே வந்தாள். பென்னியைத் திட்டவில்லை. மறுநாளும் அந்த ஜோடி இருந்தது, மறுநாளும் போனாள். மூன்றாம் நாள் உள்ளே போய்விட்டு அவள் வெளியே வந்தபோது, பென்னி கதவோரமாக நின்றுகொண்டிருந்தான். சிரிக்கவில்லை. சுண்டுவிரல் குட்டையான கையில் அந்தப் பழைய செருப்பை வைத்திருந்தான்.

"தெரிஞ்சிகினே இன்னாத்துக்குக்கா போற?"

"ஒரு ஜோடி ஜாஸ்தி கீது," என்றாள் சிவந்தி, கோட்டைக் கழற்றிக்கொண்டே. "போயி பாக்காம எனக்கு எப்டி தெரியும்?"

பென்னி அந்தச் செருப்பைக் கொண்டுபோய்க் குப்பையில் போட்டான். சிவந்தி வாசலில் இருந்தவற்றை இன்னொரு முறை, முதலிலிருந்து எண்ணினாள்.